பல்கலைக்கழக வாயிலில் தோட்டத்துப் பிள்ளை

மேற்கல்வியை நாடும் மாணவன் இரண்டு தேர்வுகளில் வெல்ல வேண்டியவனாக இருக்கிறான். ஒன்று, பள்ளி மண்டபத்தில் அமர்ந்து எழுதும் தேர்வு. மற்றொன்று, படிக்க இடம் கேட்டு அனுப்பும் விண்ணப்பம். முதல் தேர்வுக்குப் பதினோர் ஆண்டுகள் ஆயத்தம் நடைபெறுகிறது. ஆசிரியர் பலர் துணை நிற்கின்றனர். பெற்றோர் கோவிலில் அருச்சனை செய்கின்றனர். இரண்டாவது தேர்வுக்கோ கடைசி வாரத்தில்தான் பலர் உட்காருகின்றனர். அப்பொழுது பக்கத்தில் இருந்து வழி சொல்ல ஆளில்லை. முதல் தேர்வில் வென்று, இரண்டாவதில் தோற்றுப்போகும் பிள்ளைகள் ஆண்டுதோறும் உண்டு. அவர்களைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வருவதில்லை. ஒன்பது 'ஏ' பெற்றும் இடம் கிடைக்காத ஓரிருவரைப் பற்றியே ஊர் பேசுகிறது. ஐந்து, ஆறு நற்றேர்ச்சி பெற்றும் எங்கே, எப்போது, எப்படிக் கேட்பது என்று அறியாமல் கடைக்கும் தொழிற்சாலைக்கும் வேலைக்குப் போய்விடும் பிள்ளைகளே எண்ணிக்கையில் மிகுதி.

ஆதலின், உயர்நிலை மாணவரை மேற்கல்வி விண்ணப்பத்திற்கு ஆயத்தப்படுத்துவது எப்படி என்பதைத் தமிழாசிரியர்கள் அறிந்திருத்தல் இன்றியமையாதது. 'இடைநிலைப் பள்ளியின் வேலை அது. தமிழ்ப்பள்ளிக்கு அதில் என்ன தொடர்பு?' என்று சிலர் கேட்கக்கூடும். விண்ணப்பத்தின் இயல்பை ஆராய்ந்து பார்த்தால் அக்கேள்விக்கு விடை தானே கிடைக்கும்.

லாபிஸ் போன்ற ஊர்கள்

ஜொகூர் மாநிலத்தின் வடபகுதியில், சிகாமட் மாவட்டத்தில் அமைந்த சிறு பட்டணம் லாபிஸ். சிகாமட்டிலிருந்து குளுவாங் நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையில், பெக்கோக்கிற்கு முன்னதாக இந்நிலையம் வருகிறது. சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் பரந்து கிடக்கின்றன. தோட்ட வேலையில் அயல்நாட்டுத் தொழிலாளர் மிகுந்துவிட்ட இக்காலத்திலும், லயங்களிலும் தோட்டத்தை அடுத்த குடியிருப்புகளிலும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. இப்பிள்ளைகள் ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்து, பின் பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் பேருந்து ஏறுகின்றனர்.

இவ்வூர்ப் பிள்ளைக்கும் கோலாலம்பூர்ப் பிள்ளைக்கும் அறிவில் வேற்றுமை இல்லை. வேற்றுமை இருப்பது செய்தியில். நகரத்துப் பிள்ளையின் மாமன் பொறியாளராக இருப்பார். பக்கத்து வீட்டு அக்காள் மருத்துவம் படித்துக்கொண்டிருப்பாள். எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் வேண்டும், எந்த மாதத்தில் எந்தக் கதவு திறக்கும் என்பவை உணவு மேசைப் பேச்சிலேயே காதில் விழுந்துவிடும். தோட்டத்துப் பிள்ளையின் தாயும் தந்தையும் விடியுமுன் பிரட்டுக் களத்தில் நிற்கவேண்டியவர்கள். அவர்களுக்குப் பிள்ளையின் மேல் அன்பு குறைவில்லை. ஆயினும் அவர்கள் வாயிலாக அச்செய்தி வர வழியில்லை. அந்த இடத்தை நிரப்பவேண்டியவர் ஆசிரியர்.

கதவு திறந்த வரலாறு

தோட்டப் பள்ளிகள் தொடங்கப்பட்டபோது பல்கலைக்கழகம் என்னும் எண்ணமே அங்கு இல்லை. கூட்டு மலாய் நாடுகளில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்று முதலாளிகளுக்கு விதித்தது. ஜொகூர் அக்கூட்டில் சேராத நாடு. எனினும் இங்கும் அவ்வகைப் பள்ளிகள் எழுந்தன. எழுதப் படிக்கக் கற்றுக் கொடுப்பதோடு அவற்றின் எல்லை முடிந்தது. பிள்ளை வளர்ந்ததும் பால்மரத்துக்குப் போவான் என்பதே எல்லோருடைய எதிர்பார்ப்பு.

1949-இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அங்கே இந்திய இயல் துறை ஏற்படவிருந்த காலத்தில், அத்துறையில் தமிழே முதன்மை பெறவேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி பெருங்கிளர்ச்சி செய்தார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டப்பட்டது. செல்வர் மட்டுமன்றி, நாட்கூலி பெற்ற எளிய தொழிலாளரும் தம் வருவாயிலிருந்து அதற்குக் கொடுத்தனர். 1956-இல் துறை தொடங்கியது. பின்னர்க் கோலாலம்பூருக்கு வந்தது. 1961 முதல் தனிநாயக அடிகள் அதனை வளர்த்தார். 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது.

இந்நிகழ்ச்சியில் கருதத்தக்க ஒன்று உண்டு. தம் பிள்ளை அவ்வாயிலில் நுழைவான் என்று கனவிலும் எண்ணியிராத மக்கள் அதனைத் திறக்கப் பணம் கொடுத்தார்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தேர்ச்சி பெற்று அவ்வாயிலருகே வந்துவிட்டார்கள். உள்ளே செல்லும் முறையைச் சொல்லித் தரும் ஆளில்லாமல் அவர்கள் திரும்பிப் போவார்களாயின், அது பெருங்குறை அன்றோ?

வழிகள் யாவை?

ஐந்தாம் படிவத்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின், அரசு சார்ந்த வழிகள் பல பிரிகின்றன. அவற்றை ஒன்றோடொன்று குழப்பிக் கொள்வதே முதல் இடர்.

முதலாவது, ஆறாம் படிவம். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுப் படிப்பு, முடிவில் எஸ்.டி.பி.எம். சான்றிதழ். 2012 முதல் இது மூன்று பருவங்களாகப் பிரித்து நடத்தப்படுகிறது. செலவு மிகக் குறைவு, வீட்டிலிருந்தே போய்வரலாம். கடினம் என்ற பெயர் இதற்கு உண்டு. ஆயினும், உழைப்பவனுக்குப் பல துறைகளின் கதவையும் திறக்கும் சான்றிதழ் இது.

இரண்டாவது, கல்வி அமைச்சின் மெட்ரிகுலேசன் வகுப்பு. பெரும்பாலும் ஓராண்டில் முடிவது. விடுதியில் தங்கிப் படிப்பது. ஜொகூரில் தங்காக்கில் இத்தகைய கல்லூரி உள்ளது. 2003 முதல் பூமிபுத்திரர் அல்லாதாருக்கும் பத்து விழுக்காட்டு இடம் இதில் ஒதுக்கப்பட்டது. இந்திய மாணவர்க்கான இடங்கள் 2012-இல் 1,500 ஆக உயர்த்தப்பட்டன. எஸ்.பி.எம். தேர்வில் பத்து 'ஏ'யும் அதற்கு மேலும் பெறுவோர் எவ்வினத்தவராயினும் இடம் பெறுவர் என்று 2024-ஆம் ஆண்டு அரசாங்கம் அறிவித்தது.

மூன்றாவது, யூ.பி.யூ. என வழங்கும் மத்திய அலுவலகத்தின் வழி கேட்கப்படும் படிப்புகள். அரசுப் பல்கலைக்கழகங்களின் அடிப்படை வகுப்புகளும் டிப்ளோமா வகுப்புகளும், பாலிடெக்னிக், சமூகக் கல்லூரி ஆகியவற்றின் படிப்புகளும் இதனுள் அடங்கும். எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேசன் முடித்தவர் பட்டப் படிப்புக்கு மனுச் செய்வதும் இவ்வழியேதான்.

நான்காவது, ஆசிரியர் கல்விக் கழகம். பழைய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் 2009-இல் இப்பெயர் பெற்றன. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஆக விரும்புவோர்க்கு உரிய வழி இது.

இவற்றுள் மெட்ரிகுலேசனுக்கும், யூ.பி.யூ.வுக்கும், ஆசிரியர் கல்விக் கழகத்திற்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றுக்கு எழுதியவன் எல்லாவற்றுக்கும் எழுதியதாக எண்ணி இருந்துவிடுவதுண்டு. ஒரு கதவு திறவாவிட்டால் மற்றொன்று திறக்கும். ஆகையால் தகுதியுள்ள எல்லாக் கதவுகளையும் தட்டுதல் நன்று. மேலும், தேர்வு முடிவு வெளியாகும் முன்னரே விண்ணப்பம் கேட்கப்படுவது வழக்கம். முடிவு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பவன் காலங் கடந்து விழித்துக்கொள்கிறான்.

பதினாறு வயதில் மூடும் கதவு

விண்ணப்பம் பதினெட்டு வயதில் எழுதப்படுகிறது. ஆனால் அதன் விதி பதினாறு வயதிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. நான்காம் படிவத்தில் மாணவன் தேர்ந்தெடுக்கும் பாடங்களே அதற்குக் காரணம். அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பாகுபாடு 2020 முதல் எடுபட்டுப் பாடத் தொகுதிகளாக மாறியுள்ளது. இதனால் உரிமை பெருகியது. உடன், பிழை செய்யும் வாய்ப்பும் பெருகியது.

பொறியியலை நாடுவோர்க்குக் கூடுதல் கணிதமும் இயற்பியலும் வேண்டும். மருத்துவத்தை நாடுவோர்க்கு உயிரியலும் வேதியியலும் இன்றி ஆகாது. கூடுதல் கணிதம் கடினம் என்று நண்பன் சொன்னதைக் கேட்டு அதனை விட்டவன், இரண்டாண்டு கழித்துப் பொறியியல் படிக்க விரும்பினால் அவ்விருப்பத்தை எழுதுவதற்கே இடமிராது. இஃது அவனுடைய அறிவின் குறையன்று. மூன்றாம் படிவத்தின் இறுதியில் பத்து நிமிடம் அவனோடு உட்கார்ந்து பேச எவருமில்லாமையின் குறையே.

இரண்டு பாடங்களைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேறாதவர்க்கு எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. வரலாற்றுக்கு இவ்விதி 2013 முதல் நடப்புக்கு வந்தது. பல்கலைக்கழகம் புகுவதற்கு மலாய்மொழியில் வெறுந் தேர்ச்சி போதாது. 'கிரெடிட்' எனப்படும் நற்றேர்ச்சி, அதாவது 'சி' தரமேனும் வேண்டும். பட்டப் படிப்புக்குச் செல்வோர் 1999 முதல் நடைபெறும் 'மூவெட்' என்னும் ஆங்கிலத் தேர்வையும் எழுதவேண்டும். பிற பாடங்களில் சிறந்து, மலாய்மொழிக் கட்டுரையில் இடறி விழும் தோட்டத்துப் பிள்ளைகளை ஆசிரியர் அனைவரும் அறிவர். அந்த இடறலுக்கு மருந்து ஐந்தாம் படிவத்தில் இல்லை. தமிழ்ப்பள்ளியின் நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில் இருக்கிறது.

தமிழ்ப் பாடம் தடையா?

எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுத்தால் மொத்தத் தரம் குறைந்துவிடும், விண்ணப்பம் கெட்டுவிடும் என்னும் அச்சம் பெற்றோர் சிலரிடம் நிலவுகிறது. 2009-இல் பாடங்களின் எண்ணிக்கையைப் பத்தாக வரையறுக்க அரசு முடிவு செய்தபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் கைவிடப்படும் என்ற கவலை எழுந்தது. சமுதாயத்தின் வேண்டுகோளுக்குப் பின், பத்துக்கு மேல் இரண்டு பாடங்கள் எடுக்க இடந்தரப்பட்டது.

அச்சத்திற்கு விடை இதுதான்: முறையாகப் படித்தவனுக்குத் தமிழ் ஒரு நற்றேர்ச்சியைச் சேர்த்துத் தருமேயன்றிக் குறைக்காது. சில வழிகளுக்கு அதுவே திறவுகோலுமாகும். ஆசிரியர் கல்விக் கழகத்தில் தமிழ் விருப்பப் பாடம் பயிலவும், தஞ்சோங் மாலிம் சுல்தான் இத்ரிசு கல்விப் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஆசிரியப் பட்டம் பெறவும் நாடுவோர் எஸ்.பி.எம். தமிழைக் கைவிட்டிருந்தால் யாது செய்வர்? பதினேழு வயதில் தமிழைத் துறந்துவிட்டு இருபது வயதில் தமிழாசிரியராக விரும்பி வருந்துவோர் உண்டு. ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுக்கு நாளைய ஆசிரியர் இப்பிள்ளைகளிலிருந்தே வரவேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

பத்து மதிப்பெண்ணின் கதை

யூ.பி.யூ. வழிப் பல்கலைக்கழகத்துக்கு ஆளெடுக்கும்போது, தேர்வுத் தகுதிக்குத் தொண்ணூறு விழுக்காடும் புறப்பாடத்துக்குப் பத்து விழுக்காடும் கணக்கிடப்படுகின்றன. பத்துத்தானே என்று எண்ணுதல் தவறு. போட்டி மிக்க படிப்புகளில் ஒருவனுக்கும் அடுத்தவனுக்கும் இடையே நிற்பது ஒரு மதிப்பெண்ணின் சிறு பகுதியே. அவ்விடத்தில் புறப்பாடத்தின் ஐந்தும் ஆறும் மலைபோல் உயர்ந்து நிற்கும்.

கழகம், சீருடை இயக்கம், விளையாட்டு என்னும் மூன்றிலும் மாணவன் வகித்த பொறுப்பும், கலந்துகொண்ட போட்டிகளும், அவற்றின் படிநிலையும் மதிப்பிடப்படுகின்றன. பள்ளி அளவு, மாவட்ட அளவு, மாநில அளவு, தேசிய அளவு என்று மதிப்பு ஏறிச்செல்லும்.

இங்கேதான் தோட்டத்துப் பிள்ளைக்கு இடையூறு. புறப்பாட நடவடிக்கைகள் பிற்பகலில் நடைபெறும். தோட்டத்துக்குச் செல்லும் பேருந்து பள்ளி விட்டதும் புறப்பட்டுவிடும். அதில் ஏறாவிட்டால் வீடு திரும்ப வழியில்லை. ஆகவே பிள்ளை கழகத்தில் பெயரளவுக்கு இருக்கிறது, பொறுப்பு எதுவும் ஏற்பதில்லை, போட்டிக்குப் போவதில்லை. ஐந்தாண்டு முடிவில் அதன் ஏட்டில் வெற்றிடம் காணப்படுகிறது. அவ்வெற்றிடத்தைப் பார்ப்பவர் சோம்பல் என்றுதான் நினைப்பார். அதன் பின்னிருந்த பேருந்தை அவர் எவ்வாறு அறிவார்?

இதற்குப் பரிகாரம் உண்டு. வாரத்தில் அந்த ஒரு நாளைக்கு மட்டும் பெற்றோர் சிலர் கூடி ஒரு வண்டிக்கு ஏற்பாடு செய்யலாம். பட்டணத்தில் உறவினர் இருந்தால் அன்று அங்கே தங்கச் செய்யலாம். தமிழ்மொழிக் கழகத்தில் செயலாளர், பொருளாளர் பொறுப்பேற்கும்படி ஊக்கலாம். பேச்சுப் போட்டியும் கட்டுரைப் போட்டியும் தமிழ்ப் பிள்ளைகள் எளிதில் முன்னேறக்கூடிய களங்கள். எல்லாவற்றிலும் மேலாக, பெற்ற சான்றிதழ் ஒவ்வொன்றையும் காத்து வைத்தல் வேண்டும். மாநில அளவில் ஓடிப் பரிசு பெற்ற பிள்ளை, மழை ஒழுகிய வீட்டில் அச்சான்றிதழை இழந்துவிட்டு வெறுங்கையோடு நிற்பதைக் காணும்போது மனம் நோகும்.

பெயரும் தாள்களும்

அடுத்த இடர் மிகச் சிறியது போலத் தோன்றுவது. ஆனால் பலரைத் தடுக்கி விழவைப்பது. அதுவே பெயர். தமிழ்ப் பெயரை மலாய் அலுவலர் ஒருவர் ரோமன் எழுத்தில் எழுதும்போது ஒலிக்கு ஒலி இசைவதில்லை. பிறப்புப் பத்திரத்தில் தந்தை பெயர் ஒருவகையாகவும், தந்தையின் அடையாள அட்டையில் வேறுவகையாகவும், பள்ளிப் பதிவேட்டில் மூன்றாவது வகையாகவும் இருப்பதைக் காணலாம். ஓரிடத்தில் ஓர் எழுத்து மிகும். மற்றோரிடத்தில் இரு சொற்கள் ஒன்றாகும். ஓர் எழுத்துத்தானே என்று அப்பொழுது விட்டுவிட்டால், உதவிச் சம்பளமும் கடனும் பதிவும் ஒவ்வொன்றாக அந்த ஓர் எழுத்தில் சிக்கிக்கொள்ளும். திருத்தம் செய்ய மாதங்கள் ஆகலாம். விண்ணப்ப நாளோ காத்திராது.

பிறப்புப் பதிவே இல்லாத பிள்ளைகளும், குடியுரிமை தீராத பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நேரும் துன்பம் இன்னும் பெரிது. பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்கும் காலமே இவற்றையெல்லாம் கண்டறிய ஏற்ற காலம். அப்போது பிள்ளை எங்கே இருக்கிறது? தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டில். தமிழ்ப்பள்ளிக்கு இதில் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு முதல் விடை இதுவே. ஆறாம் ஆண்டில் ஒவ்வொரு பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தையும் பெற்றோர் அட்டையையும் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் தலைமையாசிரியர், ஆறாண்டுக்குப் பின் எழுதப்படும் விண்ணப்பத்திற்கு அன்றே துணை செய்தவராகிறார்.

இன்று விண்ணப்பங்கள் எல்லாம் இணையத்தின் வழியே செல்கின்றன. அதனால் புதிய இடர்களும் தோன்றியுள்ளன. தோட்டத்தில் அலை கிடைக்காது. கைத்தொலைபேசி எண்ணை மாற்றிவிடுவார்கள். மின்னஞ்சல் கடவுச்சொல்லை மறந்துவிடுவார்கள். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தும் அறியாமல் போனவர் உண்டு. ஒரு சிறு குறிப்பேட்டில் விண்ணப்ப எண், கடவுச்சொல், அனுப்பிய நாள் ஆகியவற்றை எழுதி வைத்தல் வேண்டும். விடை கிடைக்கும் வரை தொலைபேசி எண்ணை மாற்றலாகாது. இவை மிகச் சிறிய அறிவுரைகள். ஆயினும் பெரிய இழப்பைத் தடுப்பவை.

விருப்ப வரிசையும் வீட்டாரும்

படிப்புகளை எவ்வரிசையில் எழுதுவது என்பதில் தெளிவு வேண்டும். எட்ட முடியாதவற்றையே வரிசையாக எழுதி ஒன்றும் கிடைக்காதவரும் உண்டு. அஞ்சித் தாழ்ந்தவற்றையே எழுதி, தகுதிக்குக் குறைந்த இடம் பெற்றவரும் உண்டு. முந்திய ஆண்டுகளின் தகுதி நிலையைப் பார்த்து, மேலே சில, தகுதிக்கு இசைந்தவை சில, உறுதியாகக் கிடைக்கக்கூடியவை சில என்று அமைப்பது அறிவுடைமை. மருத்துவம், ஆசிரியம் முதலிய படிப்புகளுக்கு நேர்முகத் தேர்வும் உண்டு என்பதை முன்கூட்டியே அறிதல் வேண்டும்.

பெற்றோரிடம் இதனைப் பேசவேண்டியது மாணவனுடைய பொறுப்பு மட்டுமன்று. சபாவிலோ சரவாக்கிலோ பெர்லிசிலோ இடம் கிடைத்தால், பெண்பிள்ளையை அவ்வளவு தொலைவு எப்படி அனுப்புவது என்று தாயார் கலங்குகிறார். அக்கலக்கம் அன்பினால் வருவது, அதனை எள்ளலாகாது. ஆயினும், கிடைத்த இடத்தை மறுத்தால் மறுபடி கிடைப்பது உறுதியில்லை. ஆகவே விருப்பங்களை எழுதும் முன்னரே ஆசிரியர் வீட்டுக்குச் சென்று, விடுதி உண்டு, அங்கே முன்பு சென்ற தமிழ்ப் பிள்ளைகள் உண்டு என்று எடுத்துச் சொல்லுதல் நலம். பட்டியலில் எழுதிய ஊர் எதுவாயினும் அனுப்புவோம் என்று பெற்றோர் மனம் இசைந்த பின்னரே அதனை எழுதவேண்டும்.

தேர்வு முடிவு வந்த கையோடு தோட்டங்களுக்கு வரும் தனியார் கல்லூரி முகவர்களைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. நல்ல தனியார் கல்லூரிகள் உள்ளன. வெறும் பளபளப்பான அறிக்கையோடு நிற்பனவும் உள்ளன. 2007 முதல் இயங்கும் மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் அப்படிப்பு இடம் பெற்றுள்ளதா என்று பாராமல் கையொப்பம் இடலாகாது. ஏற்புப் பெறாத படிப்பில் சேர்ந்து, கடனும் பட்டு, பயனில்லாத தாளோடு திரும்பும் பிள்ளையின் துன்பம் இடம் கிடைக்காத பிள்ளையின் துன்பத்தினும் கொடிது.

பணமும் நேர்முகமும்

பணத்தைக் கருதிப் பலர் விண்ணப்பிக்காமலே ஒதுங்குகின்றனர். இதுவும் செய்தியின்மையால் வரும் கேடு. 1997-இல் அமைந்த தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் கல்விக் கடன் வழங்குகிறது. பொதுச் சேவைத் துறையும் வேறு அறநிலையங்களும் உதவிச் சம்பளம் தருகின்றன. கடன் பெறுவதற்கு வேண்டிய வருவாய்ச் சான்றையும், தோட்ட அலுவலகத்தில் பெறவேண்டிய சம்பளச் சீட்டுகளையும் முன்னரே சேர்த்து வைத்தால் கடைசி நேரத்து அலைச்சல் நீங்கும். கடன் என்பது திருப்பிக் கொடுக்கவேண்டியது என்பதையும் பிள்ளைக்கு அப்பொழுதே விளக்கிவிட வேண்டும்.

நேர்முகத் தேர்வுக்கும் பயிற்சி இன்றியமையாதது. தோட்டத்துப் பிள்ளை பெரியவர் முன் வாய்திறவாமல் நிற்பதையே மரியாதை என்று கற்றிருக்கிறது. நேர்முகத்திலோ அம்மரியாதை அறியாமையாகக் கொள்ளப்படும். 'உன்னைப் பற்றிச் சொல்' என்ற கேள்விக்கு இரண்டு நிமிடம் மலாய்மொழியில் பேசப் பழக்கவேண்டும். மனப்பாடம் செய்த வாக்கியங்கள் அங்கே உதவா. தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டு படித்ததும், வார இறுதியில் தாய்க்குத் துணையாக உதிரிப்பழம் பொறுக்கியதும் வெட்கப்படவேண்டியவை அல்ல, பொறுப்புணர்ச்சியின் சான்றுகள். பிள்ளையின் வாழ்விலிருந்தே அதன் சிறப்பை எடுத்துக் காட்டக் கற்பிப்பதே உண்மைப் பயிற்சி. ஆசிரியர் எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை ஒப்பிப்பதும், பிள்ளைக்காக ஆசிரியரே எல்லாவற்றையும் நிரப்பிவிடுவதும் உதவி ஆகா.

பிற நாடுகளில்

இப்பணியைத் தனி ஆசிரியரின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாமல் அமைப்பாகவே செய்யும் முயற்சி வேறிடங்களில் நடைபெறுகிறது. தமிழ்நாட்டரசு 2022-இல் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கி, மேனிலைப் பள்ளி மாணவர்க்கு எந்தப் படிப்பு எங்கே உள்ளது என்பதைத் தமிழிலேயே எடுத்துரைக்க ஏற்பாடு செய்தது. அங்கேயே 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு வழங்கப்பட்டது. மலேசியாவிலும் 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், இந்திய மாணவரைப் பல்கலைக்கழகத்திற்கு ஆயத்தப்படுத்துவதையே நோக்கமாகக் கொண்டு உழைத்து வந்துள்ளது. இவற்றால் விளங்குவது ஒன்று: தேர்வில் பிள்ளை பெற்ற தகுதி பயன்பட வேண்டுமாயின், அதற்கு வழிகாட்டியும் வேண்டும்.

ஆசிரியர் செய்யத்தக்கவை

லாபிஸ் போன்ற ஊரில் பெரிய அமைப்பு இல்லாவிடினும் செய்யக்கூடியவை பல. தமிழ்ப்பள்ளியை விட்டுச் செல்லும் ஒவ்வோர் ஆறாம் ஆண்டு மாணவனுக்கும் ஒரு கோப்பு கொடுத்து, அதில் சான்றிதழ்களை அடுக்கும் பழக்கத்தைத் தொடங்கி வைக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை பழைய மாணவரைப் பள்ளிக்கு வரவழைத்து அக்கோப்பைப் பார்க்கலாம். மூன்றாம் படிவத்தில் இருப்போர்க்குப் பாடத் தேர்வைப் பற்றியும், ஐந்தாம் படிவத்தில் இருப்போர்க்கு விண்ணப்பத்தைப் பற்றியும் ஒரு சனிக்கிழமை பேசலாம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் அதே தோட்டத்துப் பிள்ளையை விடுமுறையில் வரவழைத்துப் பேசச் சொன்னால், ஆசிரியர் பத்துமுறை சொல்வதைவிட அதற்குப் பயன் மிகுதி. கணினியும் இணையமும் உள்ள பள்ளி, விண்ணப்பக் காலத்தில் இரண்டு மாலை நேரம் திறந்திருந்தால் போதும். அலை கிடைக்காத தோட்டத்தின் குறை அன்று தீர்ந்துவிடும்.

இடைநிலைப் பள்ளியின் ஆலோசக ஆசிரியருடன் உறவு வைத்துக்கொள்வதும் நல்லது. அவர் நூற்றுக்கணக்கான மாணவரைக் கவனிக்கவேண்டியவர். ஒவ்வொரு வீட்டையும் அறிந்திருக்க இயலாது. தமிழ்ப்பள்ளி ஆசிரியரோ அப்பிள்ளையின் அண்ணனையும் தாயையும் பாட்டியையும் அறிவார். ஒருவரிடம் விதிமுறை இருக்கிறது. மற்றவரிடம் வீட்டுச் செய்தி இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் பிள்ளைக்கு வழி பிறக்கும்.

முதன்முறை இடம் கிடைக்காவிட்டாலும் மனந்தளர வேண்டியதில்லை. மேல்முறையீடு செய்ய வழியுண்டு. அதற்கும் நாள் குறிக்கப்பட்டிருக்கும். இல்லையென்று விடை வந்த அன்று மாணவன் யாரிடம் செல்கிறான் என்பதே முதன்மையானது. வீட்டில் அமைதியாகப் படுத்துவிட்டால் அவனுடைய கல்வி அன்றோடு முடிகிறது. 'வா, அடுத்தது என்ன என்று பார்ப்போம்' என்று சொல்லும் ஓர் ஆசிரியரின் வீடு அவன் கால்நடைத் தொலைவில் இருக்குமாயின், அது முடியாது. ஆறாம் படிவம் இருக்கிறது, பாலிடெக்னிக் இருக்கிறது, மறு ஆண்டும் இருக்கிறது.

பன்னிரண்டு வயதில் பிள்ளை தமிழ்ப்பள்ளியின் வாயிலைக் கடந்து செல்லும்போது, பதிவேட்டில் அதன் பெயருக்கு எதிரே ஒரு கோடு இழுக்கப்படுகிறது. பொறுப்பும் அக்கோட்டோடு முடிந்தது என்று கொள்வது எளிது. அவ்வாறு கொள்ளாமல் இன்னும் ஆறாண்டு அப்பிள்ளையைக் கண்ணில் வைத்திருக்கும் ஆசிரியர் ஒரு தோட்டத்துக்கு ஒருவர் கிடைத்தால், இடமிருந்தும் கேட்கத் தெரியாமல் இழந்தவர் என்ற சொல் நம் ஊர்களில் அருகிவிடும்.